நிலவறைத் தண்ணீர்

லியேபாயாவில் காற்று கதவைத் தட்டுவதில்லை.
மனு கொடுக்க வந்தவர்களுக்கு முன்னால்
அது உள்ளே வந்து உட்கார்ந்துவிடும்.
நகராட்சி, தரைத்தளம், மூன்றாம் சன்னல்.
கண்ணாடிக்குப் பின்னால் நான்.
காகிதம் பறக்காமலிருக்க
கடற்கரையில் பொறுக்கிய கல் ஒன்று வைத்திருக்கிறேன்.
அம்பர் என்று நினைத்து எடுத்தது. அம்பர் இல்லை.

செவ்வாய்க்கிழமை தாலிவால்திஸ் வந்தான்.
தொப்பியைக் கழற்றவில்லை.
கரோஸ்தாவில், செங்கல் குடியிருப்பின் நிலவறையில்,
முழங்கால்வரை தண்ணீர் என்றான்.
மூன்று முறை சொல்லியாகிவிட்டது என்றான்.
வரி கட்டுகிறோமே என்றான்.
நீங்களெல்லாம் எதற்கு இருக்கிறீர்கள் என்றான்.

எதற்கு இருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.
பத்து நாள் முன்பு, சனிக்கிழமை,
பள்ளிக்கூட உடற்பயிற்சி அறையில்
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
பட்டியலும் பேனாவுமாக
காலை ஏழிலிருந்து இரவு எட்டுவரை இருந்தேன்.
அவன் பெயருக்கு எதிரே
கையெழுத்து விழவேண்டிய இடம்
வெளுப்பாகவே கிடந்தது.
மேலே ஒருவர் போட்டிருந்தார், கீழே ஒருவர்.
நடுவில், பல் விழுந்த இடம் மாதிரி, அது.

பெயரை எழுதினேன். முகவரியை எழுதினேன்.
பேனா நின்றது.
கேட்கக் கூடாது. கேட்டுவிட்டேன்:
"தேர்தலன்று எங்கே போயிருந்தீர்கள்?"

மீன் பிடிக்க, என்றான். கூச்சமே இல்லை.
தட்டைமீன், நாலு கிலோ.
எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்,
எந்த மட்டையை எடுத்தால் என்ன?

குட்டை இப்போது உங்கள் நிலவறைக்கே வந்துவிட்டதே
என்று சொல்ல நாக்கு துடித்தது.
சம்பளம் வாங்கும் நாக்கு. அடங்கிக்கொண்டது.

பதில் பெஞ்சிலிருந்து வந்தது.
கிளாவ்தியா ஸ்தெபானொவ்னா.
குடியுரிமை இல்லாதவர் என்று
அட்டையிலேயே அச்சடித்த கடவுச்சீட்டு.
இந்த ஊரில்தான் பிறந்தாள், எங்கும் போகவில்லை.
அவள் காலடியில் ஒரு நாடு போய்
இன்னொரு நாடு வந்தது.
தேர்வு எழுதினால் கிடைத்துவிடுமே என்பார்கள்.
பிறந்ததற்கு என்ன தேர்வு என்பாள்.
முப்பது வருடமாக வாரம் ஒரு புகார்:
மாடிப்படி விளக்கு, பேருந்து, நாய் அசிங்கம்.
ஓட்டு ஒன்றுகூட இல்லை.

"கையில் கொடுத்ததைக் கடலில் எறிந்துவிட்டு வந்திருக்கிறான்"
என்றாள், அவனைப் பார்க்காமல், என்னைப் பார்த்து.
"எனக்குக் கொடுத்திருந்தால்
மழையானாலும் முட்டிவலியோடு போயிருப்பேன்.
வெட்கங்கெட்டவன்."

தாலிவால்திஸ் அப்போதுதான் தொப்பியைக் கழற்றினான்.

அதுதான் சரியென்று
நானும் பேனாவை மூடப்போனேன்.
"ஏன் மூடுகிறாய்? எழுது.
அவன் அறைக்கு அடுத்த அறை என்னுடையது.
இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு மிதக்கிறது.
தண்ணீர் என்ன, உன் பட்டியலைப் பார்த்துவிட்டா வருகிறது?"

எழுதினேன்.
எழுதும்போது வேறொன்று நினைவு வந்தது.
அந்த இருவரிடமும் சொல்லவில்லை.
நான் ஓட்டுப் போட்டவள். இந்த முறையும், போன முறையும்.
போன முறை நான் போட்டவர்களே ஜெயித்தார்கள்.
கரோஸ்தா வடிகாலை
அடுத்த ஆண்டு, அடுத்த ஆண்டு என்று தள்ளியவர்கள்
அவர்கள்தான்.
அந்தத் தண்ணீரில்
என் கையெழுத்தும் கொஞ்சம் கரைந்திருக்கிறது.
அவன் மீன் பிடிக்கப் போனான்,
நான் வரிசையில் நின்று போட்டேன்.
இதில் யார் யாரைப் பற்றி
யாரிடம் புகார் சொல்வது?

படிவத்தில் பன்னிரண்டு கட்டங்கள்.
ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்க ஒன்றும் இல்லை.
அச்சடித்தவர்கள் மறந்தார்களா,
தெரிந்தேதான் விட்டார்களா,
இத்தனை வருடத்தில் நான் யோசித்ததில்லை.

புகார் எண் இருநூற்றுப் பதினான்கு.
முத்திரை குத்தி நகலைக் கொடுத்தேன்.
இருவருக்கும் ஒரே பேருந்து.
ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் போனார்கள்.
வாசலில் காற்று கதவை அழுத்திப் பிடித்துக்கொள்ள
அவள் வெளியேறும்வரை
அவன் தோளால் அதைத் தள்ளியபடி நின்றான்.

கல்லை எடுத்து
அடுத்த காகிதத்தின்மேல் வைத்தேன்.