கிழக்கே போய் மேற்கே

என் கடையிலிருந்து கடல் தெரியாது,
வாடை மட்டும் வரும்.
அக்ராவில், ஓசு கடைத்தெருவில்,
சிம் கார்டு விற்பவனுக்கும் சவுரி விற்பவளுக்கும் நடுவே
ஒரு மேசை, ஒரு பூகோள உருண்டை, ஒரு மின்விசிறி.

டெடேய் குவாயே வந்து உட்கார்ந்தாள்.
சோர்க்கோரில் மீனுக்குப் புகை போடுகிறவள்.
மகள் வின்னிபெக்கில், மார்ச்சில் பிரசவம்.
தலைத்துணியிலிருந்து ஒரு நூலை உருவி
உருண்டையின் மேல் இழுத்துப் பிடித்தாள்:
"இப்படி நேராகப் போனால் என்ன, செலோர்ம்?"

போகலாம் அக்கா,
நூலாக இருந்தால்.

நம்மிடம் இறங்காத ஊரும் அனுமதி கேட்கும்.
ஒரு கண்ணாடிச் சுவரின் உட்பக்கம்
மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்க
ஒரு படிவம், ஒரு கட்டணம், ஆறு வாரம்.
மலிவான டிக்கெட்டில் இரண்டு விமான நிலையங்கள்,
இடையில் பேருந்தும் ஒரு முழு நகரமும்.
இன்னொன்றில் ஐம்பது நிமிடத்தில் விமானம் மாற வேண்டும்:
அது முழங்கால் உள்ளவர்களுக்கு.

ஆகவே மேற்கே போகிறவளைக்
கிழக்கே அனுப்புகிறேன்.
முதலில் அடிஸ் அபாபா.
அங்கே வெளியே வராதே, அம்புக்குறி பார்த்து நட.
பிறகு வந்த வழிக்கே மேலே திரும்பிப் பறப்பாய்.
நடுவில் எண்ணெய் போட ஓரிடத்தில் நிற்கும்,
எல்லோரும் எழுந்தாலும் நீ எழாதே.
டொராண்டோவில்தான் கேள்வி.
அங்கே நாலரை மணி நேரம் வாங்கி வைத்திருக்கிறேன்.
அதற்கு நூற்றெண்பது டாலர் கூடுதல்.
பெட்டியை எடு, மறுபடி கொடு,
வின்னிபெக் என்று சொல்லிக் கொடு.

அவள் கணக்குப் போட்டாள்,
எத்தனை கூடை மீன் என்று.
பிறகு சரி என்றாள்.

மகளின் விலாசத்தைக் காகிதத்தில் எழுதிக்கொள்,
போன் செத்துப்போகும்.
திரும்பும் டிக்கெட் மேலே இருக்கட்டும்.
பேனா கொண்டுபோ, கடன் கேட்காதே.
எத்தனை நாள் என்று கேட்டால் எத்தனை நாள்.
ஏன் என்று கேட்டால் பேரப்பிள்ளை.
அவ்வளவுதான். மழை, அரசியல்,
மருமகன் நல்லவன்: எதுவும் வேண்டாம்.

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை.
பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு கவுண்டரில்
கேட்டது ஒன்று, நான் சொன்னது ஏழு.
ஆறாவதும் ஏழாவதும் ஒத்துப்போகவில்லை.
அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பினார்கள்.
சாப்பாடு கொடுத்தார்கள், கோழி.
நான் பொய் சொல்லவில்லை,
பயத்தில் அதிகம் சொன்னேன்.

கிளம்பும்போது டெடேய் கையை விரித்துக் காட்டினாள்.
உப்பும் தணலும் முப்பது வருஷம் தின்ற விரல்கள்.
ரேகை இருந்த இடத்தில் வழுவழுப்பு.
விசாவுக்கு ரேகை எடுத்தபோதே
நாலு தடவை துடைத்து நாலு தடவை அழுத்தினார்களாம்.
"அங்கே மிஷின் என்னை நம்பாவிட்டால்?"

சவுரிக்காரியிடம் ஓடி
ஒரு சின்ன டப்பாவில் ஷியா வெண்ணெய் வாங்கி வந்தேன்.
கைப்பையில் வை. இறங்கும் முன் தேய்,
மெல்ல, பிறகு துடை.
மிஷின் மறுத்தால் கையை உதறாதே,
அடுத்த விரலைக் கொடு.

இரண்டு இரவு, ஒரு பகல்.
என் போனில் ஒரே ஒரு டிக், வெகுநேரம் ஒரே டிக்.

பிறகு குரல் வந்தது, பின்னால் யாரோ சிரிக்க.
வலது கை முழுக்க மறுத்துவிட்டதாம்.
இடது கட்டைவிரலை நாலாம் தடவை ஏற்றுக்கொண்டதாம்.
சீருடைப் பையன் பாஸ்போர்ட்டை மூக்கருகே கொண்டுபோய்
பெட்டியில் புகைமீன் இருக்கிறதா என்று கேட்டானாம்.

இல்லை என்றாளாம்.
கேட்டதற்கு மட்டும் பதில்.
அவன் மறுபடி முகர்ந்தபோதுதான்
கையை நீட்டிச் சொன்னாளாம்:
"இதுதான்."

நூலை இங்கேயே விட்டுப்போயிருக்கிறாள்.
உருண்டையைச் சுற்றிக் கிடக்கிறது,
மஞ்சள் நூல், கொஞ்சம் புகை வாசம்.
அடுத்தவர் உட்காரலாம்.
எங்கே போக வேண்டும்?
முதலில் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள்.