ஏழில் எத்தனை

க்ளாக்ஸ்விக் துறைமுகத்தில் மழை
பக்கவாட்டில் பெய்கிறது.
மீன்வாடை ஏறிய என் அறைக்குள்
ஒவ்வொருவராக வருகிறார்கள், தாள் நிரப்ப.
அறுபது குணங்கள்.
ஒன்றிலிருந்து ஏழு வரை வட்டமிட வேண்டும்.

துணிச்சல்: ஏழு,
யோசிக்கவேயில்லை ட்ரோன்டுர்.
போட்டி மனம்: ஏழு.
மென்மை என்ற இடத்தில்
பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தான்.
"யாரிடம்?" என்றான்.

தாளில் அப்படியொரு கட்டம் கிடையாது.

வின்ச்சில் ஒரு பையனின் விரல்கள் போன இரவு,
கரை சேரும் ஆறு மணி நேரமும்
அந்தக் கையைத் தன் கம்பளிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு
மாமா வீட்டு முட்டாள் நாயின் கதையைத்
திரும்பத் திரும்பச் சொன்னானாம்.
"அதை எதில் சேர்ப்பீர்கள்?"

அடுத்து வந்த பில்லா,
நாளுக்கு நாலாயிரம் மீன் அறுப்பவள்,
மென்மைக்கு ஏழு போட்டுவிட்டுச் சிரித்தாள்:
"குறைத்துப் போட்டால்
என் மாமியாருக்குத் தெரிந்துவிடும்."

கடைசிப் பக்கம்,
கடந்த இரண்டு வாரங்களில் எப்படி உணர்ந்தீர்கள்?
களைப்பு, என்று எழுதியிருந்தான் ட்ரோன்டுர்.
அப்பா போனபோது?
களைப்பு.
மகள் பிறந்தபோது?
அதுவும்தான்.
வேறு சொல்லே இல்லையா உங்கள் மொழியில்?
"இருக்கிறது.
எங்கள் வீட்டில் அதையெல்லாம்
பெண்கள் வைத்திருந்தார்கள்."

இரவு கூட்டிப் பார்க்கிறேன்.
அவனுடைய மென்மைக்கு எதிரே எண் எதுவும் இல்லை.
அந்தச் சொல்லையே வட்டமிட்டிருக்கிறான்,
இரண்டு முறை, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி.

கணினி அதை
'விடுபட்டது' என்று எடுத்துக்கொள்கிறது.