முந்திச் சொன்னது

போனை அரிசிச் சாக்குக்குள் புதைத்து வைத்திருந்தார்
எங்கள் வீட்டு ஆள்.
அங்கேயும் அது அதிர்ந்துகொண்டிருந்தது.
கஞ்சிக்கு அளக்கப் போனவள்
அரிசியைத் தட்டிவிட்டுக் காதில் வைத்தேன்.
"ஜெசிந்தா மேடமா?"
என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள்
மூன்றாவது வாக்கியத்தில் கேட்டான்
"உனக்கெல்லாம் வெட்கமில்லையா?"

ஒன்றேகால் லட்சம்.
எதற்கு வாங்கினோம் என்று கேட்டால்
ஒழுங்காய்ச் சொல்லத் தெரியவில்லை.
நாற்பது, ரெனிஷாவின் காலேஜுக்கு.
முப்பது, கூரைக்கு ஷீட்.
மச்சினன் பிள்ளைக்கு மோதிரம்,
அரைப்பவன் போதும் என்றேன், அவர் ஒன்று போட்டார்.
மிச்சம், பணம் போகிற வழியில் போனது.
ஐந்து தவணை கட்டினோம்.
ஆனியில் பிடித்தது மழை.
ரப்பரில் கத்தி வைக்க முடியாமல் நாற்பத்தோரு நாள்,
சிரட்டையெல்லாம் தண்ணீர்.
வட்டிக்கு மழைநாள் கிடையாது.

புதன்கிழமை ஒருவன் பைக்கில் வந்தான்.
பெயர் ஷிபின், கருங்கல் பக்கம்.
ரெயின்கோட்டுக்குள் டை கட்டியிருந்தான்.
உள்ளே இருந்தவரை பதவிசாய்த்தான் பேசினான்.
படியிறங்கும்போது திரும்பினான்.
"சனிக்கிழமைக்குள்ள கெட்டல்லேண்ணா
ரோட்டில நிண்ணு சொல்லுவேன் அக்கா.
கடையில சொல்லுவேன், சர்ச்சில சொல்லுவேன்.
எனக்க வேலை அதாக்கும்."

அன்றிரவு அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.
ரூபாயை எண்ணி முடித்தாயிற்று.
அவன் யாரிடமெல்லாம் சொல்வான் என்று எண்ணினேன்.
அருமனை ரோட்டிலிருந்து எங்கள் மேடு வரைக்கும்
பதினேழு வீடு.
ஒரு சாயாக்கடை.
வெள்ளிக்கிழமை பெண்கள் சங்கம்.

விடிந்ததும் பத்மாவதியக்கா வீட்டில் தொடங்கினேன்.
"அக்கா, எங்களுக்கு ஒண்ணேகால் லெச்சம் கடன்.
சனிக்கிழமை ஒருத்தன் வந்து சத்தம் போடுவான்.
முந்தியே சொல்லியாச்சு."
பிரஷோடு நின்றவள்
நுரையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்
"எங்களுக்கு ரெண்டு."

நாலாவது வீட்டில் நாக்கு லேசானது.
ஒன்பதாவது வீட்டில் சிரிப்பே வந்துவிட்டது.
பன்னிரண்டாவது வீட்டுக்காரி கதவைச் சாத்தினாள்,
கைமாற்று கேட்டுவிடுவேனோ என்று.
சங்கத்தில் ஜெப விண்ணப்பம் என்று எழுந்தேன்.
தொகையைச் சொல்லுமுன்னே யாரோ ஆமென் என்றார்கள்.
சாயாக்கடை சுகுமாரன் மட்டும் கணக்குக் கேட்டார்
"கெட்டினது எம்புட்டு? பாக்கி எம்புட்டு?"

சனி, மூன்று மணி, மழை விட்ட நேரம்.
ஷிபின் கடைமுன் பைக்கை நிறுத்தி
தொண்டையைச் செருமி
"இந்த ஜெசிந்தாங்கிறவிய..." என்று எடுத்தானாம்.
கிளாசைக் கழுவிக்கொண்டே சுகுமாரன் சொன்னாராம்
"ஒண்ணேகால் லெச்சம். அஞ்சு தவணை கெட்டியாச்சு.
பாக்கி, பாலு வெட்டினதுக்குப் பெறவு.
இப்பம் சாயா குடிக்கியா, சத்தம் போடுதியா?
ரெண்டுக்கும் கடையில எடம் பத்தாது."

பையன் சாயா குடித்தான். சீனி கூட.
பிறகு எங்கள் முற்றத்தில் வந்து நின்று
ரெயின்கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.
ஐந்நூறு கொடுத்து ரசீது கேட்டேன்.
ரசீதுப் புத்தகம் கொண்டுவரவில்லை என்றான்.
இதுவரை யாரும் கேட்டதில்லை போல.
ஐந்நூறைத் திரும்ப வாங்கி மடியில் செருகினேன்.
"திங்கக்கிழமை ரசீதோட வாரும்."
செரி அக்கா என்றான்.

கடன் அப்படியேதான் இருக்கிறது.
அவர் அரிசிச் சாக்கிலிருந்து போனை எடுத்து
சார்ஜில் போட்டார், அவ்வளவுதான் மாற்றம்.

ராத்திரி ரெனிஷாவைக் கூப்பிட்டேன்.
பதினேழு வீட்டில் சொன்னவளுக்கு
அவளிடம் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.
"மக்களே, ஒரு காரியம்..."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
ஹாஸ்டல் மின்விசிறி மட்டும்.
"என்னையும் ரெண்டு மாசமா விளிக்காவ அம்மா,"
என்றாள்.
"மேடம்னு தான் தொடங்குவாவ."