அனாமத்து

வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள்
கொல்லை முருங்கையில் சாய்ந்து கிடந்தது
பித்தளைக் குண்டான்.
உள்ளே பாதிக்குப் பெண்ணையாற்று வண்டல்,
வண்டலின் நடுவில் உயிரோடு ஒரு நத்தை.

கழுவினேன். விளிம்புக்குக் கீழே
புள்ளி புள்ளியாய் உளி நடந்திருந்தது:
வ. கோசலை 14.6.91.
வகரத்துக்குப் பின்னால் வைத்த புள்ளி மட்டும் பெரிசு.
வெட்டியவன் அங்கே மூச்சு வாங்கியிருப்பான்.

மஞ்சக்குப்பத்து இரும்புக் கடையில்
கணக்கு எழுதுகிறவள் நான்.
யார் போட்டதென்று தெரியாமல் பணம் வந்தால்
அனாமத்தில் ஏற்றி வைப்போம்,
ஆள் வரும்வரை.
நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி
அதேபோல எழுதினேன்:
குண்டான் ஒன்று. எடை மூன்று கிலோ நானூறு.
அடியில் பழைய ஒட்டு. ஈயம் போய்விட்டது.
இடப் பக்கச் சொட்டை வெள்ளத்தில் பட்டதல்ல,
பள்ளத்தில் கறுப்பு ஏறியிருக்கிறது.

குண்டு உப்பலவாடி முழுக்க விசாரித்தாயிற்று.
மூன்று கோசலைகள் கிடைத்தார்கள்.
ஒருத்திக்கு வயது பதினொன்று.
இன்னொருத்தி,
என் பேரை வெட்டிக் கொடுக்க எவன் இருந்தான் என்று சிரித்தாள்.
மூன்றாமவள் கையில் வாங்கி
நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
என்னுது இல்லம்மா,
ஆனா நல்ல கனம் என்றாள்.

எடைக்குப் போட்டால் ஆயிரத்துக்கு மேல் தேறும்
என்றார் வீட்டுக்காரர் அந்த வருஷம்.
அடுத்த வருஷம் அவரே
லாரன்ஸ் ரோட்டுக்கு எடுத்துப்போய் ஈயம் பூசி வந்தார்.
இருநூற்று அறுபது ரூபாய், ரசீது நோட்டில் ஒட்டியிருக்கிறது.
பேர் வெட்டுகிற பையன்
கீழே உங்க பேரையும் போட்டுரலாமா என்று கேட்டானாம்.
வேண்டாம் என்றாராம். ஏன் என்று
இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

தை: பொங்கல் வைக்கவில்லை.
வைக்கலாமா தெரியவில்லை.
மறு தை: வைத்தேன். கிழக்கே பொங்கி வழிந்தது.
ஆடி: புளி தீர்ந்து எலுமிச்சைத் தோலால் தேய்த்தது.
கைப்பிடி வளையம் ஆடுகிறது, பார்க்க வேண்டும்.
இப்படியே போகும் பக்கங்கள்.

இன்னொரு கார்த்திகையில் ஆறு மறுபடி ஏறியபோது
முதலில் இந்தக் குண்டானைத்தான்
உத்திரத்தில் கயிறு போட்டுக் கட்டினேன்.
எங்கள் அரிசியை
அதற்கப்புறம்தான் தூக்கினேன்.
இது நோட்டில் இல்லை.

என் கல்யாண அடுக்கு ஏழு.
அதே வெள்ளத்தில் ஐந்தாவது போய்விட்டது.
இப்போது நாலுக்குள் ஆறு உட்கார்ந்து
எடுக்கும்போதெல்லாம் கலகலக்கிறது.
போனதிலும் பேர் உண்டு:
ந. குமுதவல்லி 2.9.04.
கடலுக்கே போயிருக்கலாம்.
எங்கேயோ கோழித் தீவனத்துக்கு இருக்கலாம்.
யார் கண்டது,
அங்கேயும் ஒருத்தி விளிம்பைத் தடவி
குமுதவல்லி யாரு குமுதவல்லி யாரு என்று
தெருத்தெருவாய்க் கேட்டிருக்கலாம்.

நோட்டில் இனி ஒரு பக்கந்தான் பாக்கி.
அதை அந்த ஐந்தாவதுக்குக் கொடுத்தேன்:
பால் காய்ச்சினால் அடி பிடிக்கும்.
தீயைக் குறைத்து வைக்கவும்.