வழக்கமான தேய்மானம்

ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பத்தி சொல்கிறது:
வழக்கமான தேய்மானம் நீங்கலாக
வீடு வந்தபடியே திரும்ப வேண்டும்.
இரண்டு மாத முன்பணம்,
இரண்டாயிரத்து நானூறு வெள்ளி,
அந்த ஒரு வரியில் தொங்குகிறது.

ஆயர் ஈத்தாம் வீட்டில் பின்கதவைத் திறந்தால்
பத்துக்குப் பன்னிரண்டு அடி மரத்தளம்.
நாலு வருட மழையில் சாம்பல் பூத்துப்போனது.
பூந்தொட்டி நின்ற இடத்தில் கறுப்பு வளையம்.
யஷ்வினியின் சைக்கிள் ஸ்டாண்டு குத்திய குழிகள்.
போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி
முகுந்தன் கைநழுவவிட்ட சங்குச் சக்கரம்
சுற்றிச் சுற்றி எரித்த வட்டம்.

மழை வழக்கம்.
சைக்கிள்கூட வழக்கம் என்று வாதாடலாம்.
சக்கரத்தை எதில் சேர்ப்பது?

ஜெலுத்தோங் ஹார்ட்வேர் கடையில்
என்ன மரம் என்று கேட்டார்கள்.
செங்கால் என்றேன்.
பின்னால் ஆணி பொறுக்கிக்கொண்டிருந்தவர்
"செங்கலுக்கா சாயம் அடிக்கிறீங்க?" என்றார்.
கடைக்காரருக்குப் புரியவில்லை.
நாங்கள் இருவர் மட்டும் சிரித்தோம்,
பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

முதலில் எண்பதாம் நம்பர் உப்புத்தாள்.
பிறகு நூற்றிருபது.
ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும்.
குறுக்கே போன ஒவ்வொரு கீறலும்
சாயம் பட்டதும் பல்லிளிக்கும்.
இரவு ஷிப்ட் முடித்த கையோடு உட்கார்ந்தேன்.
சாம்பல் எழுந்து மூக்கில் ஏறியது.
நகம் கீறும் ஆழத்தில்
தேன் நிறத்தில் இருந்தது மரம்,
மழையைப் பற்றி ஒன்றுமே கேள்விப்படாததுபோல.

தொட்டி வளையம் ஆக்ஸாலிக் கரைசலுக்குப் போனது.
குழிகளில் ஈரத்துணி விரித்து
இஸ்திரிப் பெட்டியை வைத்தேன்.
நசுங்கிய நார் ஆவி குடித்து எழும்பியது.
யஷ்வினி குனிந்து பார்த்தாள்.
அதே சைக்கிளில் விழுந்த முழங்காலைக் காட்டி
"இங்கேயும் வைக்கலாமாம்மா?" என்றாள்.

சக்கரம் மட்டும் போகவில்லை.
தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு வெளுத்துப் பள்ளமானது.
பள்ளமும் வட்டமாகத்தான் இருந்தது.

மூன்று மணிக்கு மலை மறைந்தது.
தார்ப்பாயை இழுத்து நாலு மூலையிலும்
நாங்கள் மூவரும் ஒரு வாளித் தண்ணீரும் உட்கார்ந்தோம்.
இரண்டு நாள் காத்து,
மரம் காய்ந்ததும் எண்ணெய்ச் சாயம் தடவினோம்.
கால் மணி நேரம். குடித்தது போக
மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும்.
ஆசைக்கு இன்னொரு கோட்டு அடித்தால்
வருடம் முழுக்கக் காலில் ஒட்டும்.

டப்பாவின் முதுகில் சின்ன எழுத்தில் ஓர் எச்சரிக்கை:
துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே,
தானாகவே பற்றிக்கொள்ளும்.
முகுந்தன் அதை இரண்டு முறை வாசித்தான்.
"பார்த்தியா, திரியே வேணாமாம்.
என்னை மட்டும் ரெண்டு வருஷமா திட்டினே."
துணிகளை நனைத்துக் கொடியில் விரித்தோம்,
அவன் யூனிபார்முக்கும் பள்ளிக்கூட பினாஃபோருக்கும் நடுவில்.

சனிக்கிழமை மேடம் ஊய் வந்தார்.
மரத்தளத்தின் ஓரத்தில் செருப்பைக் கழற்றினார்.
நாலு வருடத்தில் முதல் முறை.
வெறுங்காலோடு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார்.
வட்டத்தின் மேல் கால் பட்டது.
ஒன்றும் சொல்லவில்லை.
"இவ்வளவு அழகா இருக்கும்னு தெரியாதே,"
என்றார் மலாயில்.
"வியாழக்கிழமை உடைக்க ஆள் வருது.
டைல்ஸ் போடப்போறேன். கரையான் பயம்."

பின்கேட் சாவி தொலைந்ததற்குப் பதினைந்து வெள்ளி கழித்து
மிச்சத்தை எண்ணிக் கொடுத்தார்.
சரியாக இருந்தது.

பாயான் பாருவில் பதினோராம் மாடி.
துளி மரம் இல்லாத வீடு.
இங்கேயும் ஒன்பதாம் பத்தி அதேதான்.
கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால்
தாளின் ஓரத்தில் என் கட்டைவிரல்,
தேக்கு நிறத்தில்.
ஏஜெண்ட் டிஷ்யூ நீட்டினான்.
துடைத்தேன்.
இன்னும் கொஞ்சம் பரவியது.