ஒப்பீட்டு ஊர்

ஒவ்வொரு வடிதாளையும் இரண்டு முறை எடைபோட வேண்டும்.
பாளையங்கோட்டை ஆய்வகத்தில் மின்விசிறியை நிறுத்தி,
மூச்சையும் கொஞ்சம் நிறுத்தி,
தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்தி,
கடைசி எண் அசையாமல் நிற்கும்வரை.
பிறகு அது என் மடியில் பஸ் ஏறும்.
வள்ளியூரில் இறங்கி, ஜல்லி லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி
ஆவுடைத்தங்கம் வீட்டு மொட்டைமாடிக்கு வரும்.

ஊரில் வேறு யாரும் பிளக் பாயின்ட் தரவில்லை.
"ராத்திரி பூரா உறுமுது சவம்.
அவரு இருமலுக்கும் இதுக்கும் நடுவுல
எனக்குக் கண்ணு மூடுமா, சொல்லும்?"
கரண்டுக்கு மாதம் இருநூறு தருகிறோம்,
வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு.

அவரு என்பது சுயம்புலிங்கம்.
பதினாறு வருஷம் பாறையில் வெடிக்குழி போட்டவர்.
காசநோய்க்கு மூன்று தடவை மாத்திரை தின்று முடித்தார்,
மூன்று தடவையும் சளியில் கிருமி இல்லை.
வள்ளியூர், நாங்குநேரி, ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி
அட்டை எல்லாம் ஜவுளிக்கடைப் பையில்.
எக்ஸ்ரேயை வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டுவார்,
நிலப் பட்டாவைக் காட்டுவதுபோல.
விலா எலும்புகளுக்கு இடையே
யாரோ ஒரு கை ரவையைத் தூவியிருந்தார்கள்.

குழாயை வாயில் வைக்கச் சொன்னேன்.
ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்…
இதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.
ஆறு நொடி ஊத வேண்டும்.
இரண்டாவது நொடியில் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.
திரையில் வந்தது: முயற்சி போதாது.
அதை நான் வாசித்துச் சொல்லவில்லை.

ஒப்பிட இன்னொரு ஊர் வேண்டும் என்றது திட்டவரைவு.
அதே மண், அதே கூலி, அதே பீடி,
கிரஷர் மட்டும் இருக்கக் கூடாது.
மூன்று வாரம் பைக்கில் அலைந்தேன்.
ஓர் ஊரில் பாறை தீர்ந்து, பள்ளம் நிறையத் தண்ணீர்,
அதில் பையன்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள்.
ஓர் ஊரில், மனு போட்டாச்சு,
தை மாசம் வந்துரும் என்றார்கள்.
ஓர் ஊரில் முருங்கை இலை பச்சையாக இருந்தது.
ஒரு கொத்துப் பறித்து நோட்டுக்குள் வைத்தேன்.

ஆவுடைத்தங்கத்திடம் இதைச் சொன்னது என் தப்பு.
"அங்கன உள்ளவ நல்லா ஊதுதாவளா?"
ஊதுறாங்க.
"பரவால்ல, அவியளத் தேடிக் கண்டுபிடிச்சிட்டிய.
இவருக்கு மருந்து?"

மருந்து கிடையாது.
இழப்பீடு கேட்கலாம், அதற்குச் சான்று வேண்டும்,
சான்றுக்கு அவர் குவாரியில் இருந்தார் என்று
ஒரு சம்பளச் சீட்டு.
அவள் சிரித்தாள்.
சனிக்கிழமைதோறும் கையில் எண்ணிக் கொடுத்த காசு,
ஞாயிற்றுக்கிழமை மீன் ஆன காசு.

ஆடி. காற்றாலைகள் எல்லாம் மேற்கே பார்த்து நின்றன,
கிரஷரும் மேற்கே.
ராத்திரி ஒன்றரைக்குக் கரண்டு போயிற்று.
இருபத்துநாலு மணி நேரம் ஓடாத தாள் செல்லாது.
விடிந்து எடுத்தபோது நடுவில் சாம்பல் வட்டம்,
விளிம்பு கவ்விய இடம் மட்டும் வெள்ளை.
செல்லாது என்றேன்.
"ஏன், கரண்டு போனா தூசியும் போயிருமோ?"

பஸ்ஸில் கண்டக்டர் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்து
"செந்தூர் விபூதியா சார்?" என்று
நெற்றியைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.
மூடியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன்.

செல்லாத தாளை எறிந்துவிட வேண்டும்.
மின்விசிறியை நிறுத்தினேன். கதவைச் சாத்தினேன்.
எண் நிற்கவில்லை, வெகுநேரம்.
பதினாலரை மணி நேரம் என்று எழுதி,
குறிப்புக் கட்டத்தில்
"மின்தடை. கிரஷர் டீசலில் ஓடியது" என்றேன்.
மேலே உள்ளவர்கள் அடித்துவிடுவார்கள்.
பென்சிலை வைத்துவிட்டு
பேனாவால் எழுதினேன்.