தூரம்

இருபத்திரண்டு வருஷமாய்ப் பாஞ்சாலி நான்தான்.
ராணிப்பேட்டைத் தோல் ஷாப்பில்
பகலெல்லாம் ஈரத்தோல் புரட்டும் கை
ராத்திரியில் வளையல் போட்டுக்கொள்ளும்.
சவுரி வேலூர் லாங்கு பஜாரில் வாங்கியது,
யாருடைய முடியோ.
அதை அவிழ்த்துவிட்டு நடந்தால்
என் சித்தப்பனே தாயே என்று கும்பிடுவான்.
விடிந்தால் நான் சஞ்சீவி.
டீக்கடையில் பழைய பாக்கி கேட்பார்கள்.

வில் வளைப்பு அன்று பாதியில் கூத்தை நிறுத்தி
மைக்கில் கூப்பிட்டார்கள்:
"ஊராட்சி மன்றத் தலைவர் அவர்கள் மேடைக்கு வரவும்."
வந்தது தணிகாசலம்.
ஜெயித்தது அவர் சம்சாரம் பூங்காவனம்.
போஸ்டரிலும் அவள் முகம் இருந்தது,
அவர் முகத்தில் பாதி அளவுக்கு.
கையில் மாலையோடு நான் மணப்பெண்.
வாய் சும்மா இருக்கவில்லை.
"வில்லை வளைச்சவங்களுக்குத்தானே மாலை?
இல்ல, வளைச்சவங்க வீட்டுக்காரருக்கா?"
விசில் பறந்தது. கட்டியக்காரன் குட்டிக்கரணம் போட்டான்.
தணிகாசலமும் சிரித்துக்கொண்டே
சால்வையை வாங்கிக்கொண்டு இறங்கினார்.

விடியற்காலை
தேங்காயெண்ணெய் தொட்டு அரிதாரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.
தட்டியைத் தள்ளிக்கொண்டு அவள் வந்தாள்.
பாராட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.
பொய் சொல்வானேன், நினைத்தேன்.
"அவரு என் நாற்காலியில உக்காந்தாரு.
நீ என் வாயில உக்காந்துட்ட.
ரெண்டு பேருல ஒருத்தரும் என்னக் கேக்கல."
போய்விட்டாள்.
ஒரு கண்ணில் மை போய், இன்னொன்றில் போகாமல்
பால்காரன் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

சூதாட்டம் சொல்லவேண்டிய பகல்.
பிரசங்கி கோதண்டனார் வந்த பஸ்
பாலாற்றுப் பாலத்தில் டயர் வெடித்து நின்றுவிட்டது.
பந்தலடியில் நூறு பேர். வெயிலோ வேலூர் வெயில்.
தர்மகர்த்தா பழைய கேசட்டைத் தேடச் சொன்னார்.
அதற்குள் பூங்காவனம் மைக்கைப் பிடித்துவிட்டாள்.
கீச்சென்று அலறியது மைக்.
அவள் விடவில்லை.

விருத்தம் தெரியாது, ராகம் தெரியாது.
சகுனியில் தொடங்கவில்லை, சபையில் தொடங்கவில்லை.
"அன்னிக்கு அவளுக்கு மூணாம் நாளு" என்றாள்.
"ஒத்தப் பொடவையோட ஒதுங்கி உக்காந்திருந்தா.
அடிவயித்துல வலி.
தலைக்கு இன்னும் ஊத்திக்கல.
அப்பத்தான் ஒருத்தன் வந்து நிக்கறான்,
உன்ன வெச்சி ஆடித் தோத்துட்டாங்க, வான்னு."

அவளுக்குப் பின்னால் சுவரில் எங்கள் நோட்டீஸ்.
பதினெட்டு நாள் நிகழ்ச்சி, உபயதாரர் பெயர்கள்,
அடியில் கொட்டை எழுத்தில்:
வீட்டுக்குத் தூரமான பெண்கள்
கோயில் எல்லைக்குள் வரக்கூடாது.
வாசகம் எழுதிக் கொடுத்தது நான்.
அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
பெண்கள் பார்த்தார்கள்.

தர்மகர்த்தா மைக்செட் பையனை முறைத்தார்.
பையன் வயரைப் பார்த்தான்,
அவன் அம்மாவைப் பார்த்தான்,
சும்மா நின்றான்.
நடுவில் ஓரிடத்தில்
நகுலனையும் சகாதேவனையும் மாற்றிச் சொன்னாள்.
ஒருவரும் திருத்தவில்லை.
வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களில்
ஒருத்தி உள்ளே வந்து உட்கார்ந்தாள்.
யாரென்று சொல்லமாட்டேன்.

அன்று ராத்திரி துகில்.
கற்பூரம் காட்டினார்கள்.
துச்சாதனன் வந்து முடியைப் பிடித்தான்.
எப்போதும் அந்த இடத்தில்
மலைக்கோட்டை வரை கேட்க ஓலமிடுவேன்.
என் கை அடிவயிற்றுக்குப் போயிற்று.
நான் அனுப்பவில்லை.
பாட்டு வரவில்லை.
மிருதங்கம் இரண்டு சுற்று வாசித்துக் காத்திருந்தது,
முகவீணை ஒருமுறை இழுத்துப் பார்த்து அடங்கியது.
துச்சாதனன் காதோரம் கேட்டான்,
"என்னடா, மறந்துட்டியா?"

முன்வரிசையில், தலைவர் நாற்காலியில் அவள்.
வெற்றிலை மென்றுகொண்டு
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அடுத்த அடி அவளுக்குத் தெரியும்.
எடுத்துக்கொடுக்கவில்லை.